கைலாசத்தின் மூன்றாவது சொல்

கைலாசம் இறந்த பன்னிரண்டாம் நாள் காலை, அவர் மகள் குழல்வாய்மொழி குற்றாலம் மெயினருவிக் காவல் அறைக்குப் போனாள். 1986 ஜூலை. அப்பாவின் குடையையும் டார்ச்சையும் எடுத்துவர வேண்டும். கூடவே ஒன்றைத் தெரிந்துகொள்ளவும் வேண்டும். ஒரு நாள்கூடத் தாமதமாக வேலைக்குப் போகாத மனிதருக்கு நான்கு வருடம் முன்பு ஏன் மெமோ வந்தது? அவர் கடைசிவரை சொல்லவில்லை.

பத்தொன்பது வருடமாக அவருக்கு ஒரே வேலை. அருவியின் நடுவே இருக்கும் பொங்குமாங்கடல் பள்ளத்திலிருந்து தண்ணீர் துள்ளும் விதத்தைக் காலையில் அண்ணாந்து பார்த்து, பதிவேட்டில் ஓர் ஆங்கிலச் சொல் எழுதுவது. நார்மல், ஹெவி, ஓவர்வெல்மிங். மூன்றாவதை எழுதினால்தான் குறுக்கே கயிறு கட்டி, ஆட்கள் குளிப்பதை நிறுத்தலாம் என்பது உத்தரவு.

1982 பதிவேட்டின் உள்ளட்டையில் அவளுடைய இன்லண்ட் லெட்டர் ஒட்டியிருந்தது. கோவையில் சிவில் படித்தபோது எழுதியது. ஓவர்வெல்மிங் என்ற மூன்றாவது சொல்லுக்குச் சரியான அர்த்தம் கேட்டிருந்தார் அப்பா. பரீட்சை நேரம். "தாங்கும் அளவை மீறுவது. சும்மா அதிகம் என்றால் போடக்கூடாது" என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தாள்.

சீசனுக்கு ஏழெட்டுத் தடவை வந்த சொல், அதன்பிறகு ஒரு பக்கத்திலும் இல்லை. ஹெவி. ஹெவி.

அப்பாவோடு வேலை பார்த்த பேச்சிமுத்து பீடியை அணைத்துவிட்டு வந்தார்.

"என்ன தாயி, அப்படிப் பாக்கே?"

"இந்த வார்த்தைய ஏன் விட்டுட்டாங்க, அண்ணாச்சி?"

"நீதான போடாதன்னு எழுதியிருந்தே. நானும் சண்டை போட்டேன். 'பாறை தாங்குதுல்லா, பேச்சி. எம்மவ இஞ்சினீருக்குப் படிக்கா. அவளுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருமோ'ன்னுட்டாரு."

அவள் அந்த வருடப் பக்கங்களை வேகமாகப் புரட்டினாள். "அப்போ வெள்ளத்துல ஆளு யாரும்..."

"ஒரு ஆளு போகல. ஹெவின்னு எழுதிட்டு, கயித்தையும் கட்டிட்டாருல்லா. பெரிய ஆபீசரு குடும்பத்தோட குளிக்க வந்தாரு, இவரு விடல. ரிஜிஸ்டரக் காட்டுன்னாரு. பாத்தா ஹெவி. மெமோ வராம மாலையா வரும்?"

நிம்மதியா, குற்றமா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எழுதிய அர்த்தம் தப்பில்லை. ஆனால் தாங்க வேண்டியது எது? பாறையா, கீழே நிற்கும் ஆளா? அதை அவள் எழுதவில்லை. அப்பா திருப்பிக் கேட்கவும் இல்லை. பாறையைப் பார்த்து ஹெவி என்று எழுதினார், ஆளைப் பார்த்துக் கயிறு கட்டினார்.

பேச்சிமுத்து இந்த வருடப் பதிவேட்டை நீட்டினார். "இன்னைக்கு இன்னும் எழுதல. நீ எழுது தாயி."

வெளியே மெல்லிய சாரல். தண்ணீர் நடுத்தரம். பேனாவைத் திறந்தவள் மறுபடி மூடி, பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்களே எழுதிருங்க, அண்ணாச்சி. எனக்கு அளவு தெரியல."