வலது கீழ் மூலை

திரை ஒளிர்ந்ததும் மேகலா நடுவைப் பார்ப்பதில்லை. அவர் கண் நேராக வலது கீழ் மூலைக்குப் போய்விடும். கல்யாண ஆல்பம் காட்டினாலும் அப்படித்தான். மணமக்களை விட்டுவிட்டு, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் யாரையாவது விசாரிப்பார். "இந்தப் பொண்ணு யாரு? பாவம், ஒரு கை மட்டுந்தான் விழுந்திருக்கு."

வயது நாற்பத்திரண்டு. திருவாரூருக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊருக்கும் போய்விட்டுக் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடை கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் துரைராசு மூன்று ஏக்கர் குத்தகைக்குப் பயிரிடுகிறார். மேகலாவுக்குக் காலையில், வீட்டிலிருந்தே ஒரு வெளியூர் நிறுவனத்துக்குச் சம்பள வேலை. மத்தியானம் சம்பளமில்லாத வேலை. அந்த இரண்டாவது வேலைக்குத்தான் தலை வாரி, ஒரு முழம் கதம்பம் சூடிக்கொண்டு உட்காருவார்.

சின்னக் கணினிகளிலும் கைபேசிகளிலும் இருக்கிற ஏ.ஆர்.எம். சில்லுகளில், படம் வரைவதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அதனோடு லினக்ஸ் என்ற இயங்குதளம் பேச, நடுவில் டிரைவர் என்ற நிரல் வேண்டும். சில நிறுவனங்கள் இப்போது குறிப்புகளைத் தாமே கொடுத்து உதவுகின்றன. சில வாயே திறப்பதில்லை. அப்படி வாய் திறக்காமலே கடையை மூடிவிட்டுப் போன ஒரு நிறுவனத்தின் சில்லுக்கு, யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்துவைத்த டிரைவர் ஒன்றை மேகலா எழுதுகிறார். பழைய டிரைவர் சில்லுக்கு என்னென்ன எண்களை அனுப்புகிறது என்று பார்த்துப் பார்த்து ஊகிப்பதுதான் வழி.

"பக்கத்து வீட்டு ஜன்னல் வழியா பாத்தே மீன்குழம்பு வைக்கக் கத்துக்கிற மாதிரிங்க. என்ன போடுறாங்கன்னு தெரியும். எவ்வளவுன்னு தெரியாது."

பதினான்கு மாதம் திரை இருண்டே கிடந்தது. பிறகு ஒரு மத்தியானம், சிவப்பும் பச்சையும் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று கரைய, ஒரு முக்கோணம் எழுந்தது. மேகலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எட்டிப் பார்த்த துரைராசு, "இதுக்கா அழுவுற? வாசல்ல இதைவிடப் பெரிய கோலமா போடுவியே," என்றார். சொன்னவர் அங்கிருந்து நகரவில்லை. கோயில் தீபாராதனைக்கு நிற்பதுபோல் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

வேளாங்கண்ணி சாலையில் ஒரு சிறு பள்ளிக்கு அக்னஸ் தலைமையாசிரியை. பழைய மாணவர் ஒருவர் அன்பாக அனுப்பிய முப்பத்திரண்டு சின்னக் கணினிகள் அங்கே தூசி படிந்து கிடந்தன. உள்ளே இருப்பது மேகலா டிரைவர் எழுதும் அதே சில்லுதான். பழைய டிரைவர் புதிய லினக்ஸில் ஓடாது. டிரைவர் இல்லாமல் திறந்தால், திரை முழுக்கக் கடலும் கரையுமாக உருளவேண்டிய, பாடத்துக்கான பூமிப் படம், நிஜ பூமியைவிட மெதுவாகச் சுற்றும்.

மேகலாவின் வேலையைக் கேள்விப்பட்டிருந்த அக்னஸ், வியாழக்கிழமை போனில் பேசினார். "மேகலாம்மா, தாளாளர் அந்த ரூமைக் கேக்குறார். திங்கக்கிழமை காயலான் கடை வண்டி வருது. அதுக்குள்ள எதாவது செய்ய முடியுமாம்மா? நம்ம புள்ளைங்க ஒரு தடவையாவது பாக்கட்டுமே."

மேகலாவின் டிரைவரில் பூமி உருண்டது. தூக்கத்தில் புரளும் குழந்தைபோல, மேகப் போர்வையை இழுத்துக்கொண்டு மெல்ல உருண்டது. ஆனால் வலது கீழ் மூலை மட்டும் கறுப்பு. கொஞ்ச நேரத்தில் அந்தக் கறுப்பு பரவி, கணினி அப்படியே உறைந்துபோகும்.

அந்தச் சில்லு, திரையை வயல் மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும். எந்தக் கட்டத்தில் என்ன வரவேண்டும் என்று மேலிருந்து பட்டியல் எழுதும். பிறகு ஒவ்வொரு கட்டமாக வண்ணம் நிரப்பும். எந்தப் பக்கமிருந்து நிரப்புவது என்பது டிரைவர் எழுதுகிறவர் விருப்பம். மேகலா, வலது கீழ் மூலையில் இருக்கும் கடைசிக் கட்டத்திலிருந்து என்று எழுதியிருந்தார்.

"எப்பவும் மேல உள்ளவங்களுக்கேதான் மொதல்லன்னா எப்படிங்க? இதுலயாவது கடைமடைக்கு மொதல்ல போகட்டுமே."

சனிக்கிழமை, ஊருக்கு ஊர் முறை வைத்து விடும் தண்ணீர் தங்கள் வாய்க்காலுக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், மேகலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் போய் வயல் மடையைத் திறந்து வைத்துவிட்டு வந்தார். எட்டு மணிக்குத் துரைராசு இரைந்துகொண்டே வந்தார்.

"மடையத் தொறந்தது யாரு? நீயா?"

"தண்ணி வருதுன்னு சொன்னாங்களே…"

"வருதுன்னா? வந்துடுச்சா? வாய்க்கா காஞ்சு கெடக்கு. வயல்ல நின்ன தண்ணியும் அதுல எறங்கிப் போச்சு! வந்து சேர்ற வரைக்கும் அடைச்சுல்ல வைக்கணும்? இதுல கம்ப்யூட்டருக்குப் புத்தி சொல்றாளாம்!"

மேகலா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். மண்ணை வெட்டிப் போட்டு மிதித்து மடையை அடைத்தார். நிமிர்ந்து பார்த்தால், வடிந்த வயலில் நாற்றுகளுக்கு இடையே வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டில் மேகம், ஒரு துண்டில் கொக்கு, ஒரு துண்டில் ஒன்றுமில்லை. வரப்பில் அப்படியே நின்றார். கண் மட்டும் எங்கோ போயிருந்தது. திரையிலும் இதேதான்: பட்டியல் கடைசிக் கட்டத்துக்கு வந்து சேரும் முன்பே, ஆசையில் அந்தக் கட்டத்தை அவர்தானே திறந்துவிட்டிருந்தார்!

சேற்றுக் காலோடு வீட்டுக்குள் ஓடி வந்தார். "என்னங்க! நான் ரெண்டு எடத்துலயும் ஒரே தப்பத்தான் பண்ணியிருக்கேன்!"

"ரெண்டு எடமா?" துரைராசு அலறினார். "மேல வயலையுமா தொறந்துட்ட?"

பட்டியல் முழுதும் எழுதி முடியும் வரை காத்திரு. சில்லுக்கு இப்படிச் சொல்ல, டிரைவரில் அவர் சேர்த்தது நான்கே வரிகள். கடைசியிலிருந்து நிரப்பச் சொன்ன பழைய வரியை அவர் தொடவில்லை.

மூன்று மணிக்கு நுரையும் சருகுமாக வாய்க்காலில் தண்ணீர் வந்தது. இந்த முறை மடையைத் துரைராசு திறந்தார். மேகலா கூடப் போகவில்லை. உள்ளே, இரண்டு மணி நேரமாக உறையாமல், பூமி உருண்டுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பள்ளியில் ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து டிரைவரை ஏற்றினார். திங்கட்கிழமை காலை காயலான் கடை வண்டி வாசலில் வந்து நின்றபோது, முப்பத்திரண்டு திரைகளும் ஒன்றாக ஒளிர்ந்தன. கடல்கள் நகர்ந்தன. பிள்ளைகள் போட்ட கூச்சலில், தராசோடு வந்தவரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அக்னஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மேகலாம்மா, இங்க வாங்க! முன்னால வந்து நடுவுல நில்லுங்க!"

மேகலா காதில் வாங்காமல் வரிசைகளைத் தாண்டிப் போனார். கடைசி பெஞ்சில், கடைசிக் கணினியின் முன்னால் குனிந்து, வலது கீழ் மூலையில் விரலை வைத்தார். நகத்தில், பெயர் தெரியாத ஏதோ ஒரு கடலின் நீலம் விழுந்தது.