படுகளத்தில் கிடைத்த வேலை

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு என்னைக் கைவிட்ட வருடம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். குனியாமல், வெயில் படாமல், கை நிறையச் சம்பளம் வாங்குகிற வேலை எங்கேயோ இருக்கிறது. அது கிடைக்கும்வரை வேறு வேலை செய்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

எழுபதுகளின் கடைசி அது. உத்திரமேரூரில் பஸ் இறங்கி மூன்று மைல் நடந்தால் எங்கள் ஊர். தேடாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. கண்டக்டர் வேலை நாள் முழுக்க நிற்கிற வேலை. தபால்காரர் மிதிக்கிற சைக்கிளைப் பார்த்தாலே எனக்கு முட்டி வலித்தது. ரைஸ் மில்லில் உட்கார்ந்து எழுதலாம், ஆனால் கணக்குத்தான் எழுத வேண்டுமாம். எங்கள் வாத்தியார் தன் வேலையைத் தூங்கியே செய்தார். எனக்கு அதற்கான திறமை நிறைய இருந்தும் பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்றார்கள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவிடம் இரண்டு மண்வெட்டிகள் இருந்தன. ஒன்று இலேசானது, காம்பு தேய்ந்து வழவழவென்று இருக்கும். அதை அவர் யாரையும் தொட விடமாட்டார். வாய்க்காலில் மடை திருப்ப அம்மா எடுத்துப் போனதற்கே இரண்டு நாள் பேசவில்லை. இன்னொன்று இரும்பும் கட்டையும் சேர்ந்த பெரும் பாவம். அது என் பங்கு. ஊரில் பாரதம் முடிகிற நாள் வரைக்கும் எனக்குத் தவணை, மறுநாள் காலையில் வரப்பு வெட்டக் கழனியில் இறங்கியாக வேண்டும் என்று நைனா சொல்லிவிட்டார்.

பாரதம் என்றால் எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. கடைசி நாள் காலையில் படுகளம். துரியோதனனை மண்ணால் மலை மாதிரி செய்து படுக்க வைப்பார்கள். போரில் செத்துப்போன பாண்டவர் பிள்ளைகள் ஐந்து பேராக ஊர்ப் பையன்கள் ஐந்து பேர் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருப்பார்கள். பாட்டும் அழுகையும் முடிந்து பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் ஐந்து பேரும் உயிர் பெற்று எழுவார்கள்.

அந்த வருடம் ஐவரில் ஒருவனுக்கு அம்மை போட்டுவிட்டது. ஆள் தேடினார்கள். ஒரு வேட்டி, இருபத்தைந்து ரூபாய், காப்பு கட்டிய நாளிலிருந்து கோயில் சாப்பாடு. வேலை, படுத்திருப்பது. நான் உட்கார்ந்து செய்கிற வேலையைத்தான் கேட்டிருந்தேன், அம்மன் அதற்கும் மேலே கொடுத்துவிட்டாள். மாகறலிலிருந்து காவாந்தண்டலம் வரை எத்தனை ஊரில் பாரதம் நடக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் ஊர் ஊராகச் செத்துக்கொண்டிருந்தால் போதும்.

விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டுக் காலையில் போய்ப் படுத்தேன். பக்கத்தில் படுத்தவன் ஆறு வருட அனுபவசாலி. எறும்பு கடித்தாலும் அசையாதே, தண்ணீர் பட்டதும் எழுந்துவிடு என்று இரண்டே விதி சொன்னான். ஈரத் துணி குளுகுளுவென்று இருந்தது. பம்பைச் சத்தம் தாலாட்டாகக் கேட்டது. நான் தூங்கிப்போனேன்.

விழித்தபோது பம்பை நின்றிருந்தது. தலைமாட்டில் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். விஷயம் மெல்லப் புரிந்தது. தண்ணீர் தெளித்தாகிவிட்டது, மற்ற நான்கு பேரும் எழுந்துவிட்டார்கள், என்மேல் மட்டும் மூன்றாவது சொம்பு ஊற்றப்பட்டிருக்கிறது. எனக்கு அவமானத்தில் கண்ணைத் திறக்கத் தைரியம் வரவில்லை. ஊரே சுற்றி நிற்கும்போது, தூங்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அப்போதுதான் ஒரு கை என் கன்னத்தைத் தொட்டது. காய்த்துப்போன கை.

"கண்ணத் தொறடா. இனிமே உன்ன கயனிக்கு இட்டுக்கினு போ மாட்டேன்" என்றார் நைனா.

எழுந்திருக்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் பேச்சு நல்ல பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"குந்திக்கினே செய்ற வேலையா பாத்துக்கோ. எத்தினி நாளானாலும் சோறு போட்றேன்."

இன்னும் கொஞ்ச நேரம் செத்துக் கிடந்தேன்.

"பசுமாட்ட வித்துட்டு ரோட்டாண்ட ஒரு பொட்டிக்கட வச்சித் தரேன்டா."

பெட்டிக்கடை! நிழல், ஸ்டூல், கை எட்டும் தூரத்தில் கடலை மிட்டாய். அடுத்து என்ன வருமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தபோது ஓர் எறும்பு என் மூக்குக்குள் நுழைந்தது. ஊர் அதிரத் தும்மினேன். பம்பை முழங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள், நைனா மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வேட்டியும் இருபத்தைந்து ரூபாயும் கிடைத்தன. பக்கத்து ஊர்களில் மட்டும், நேரத்துக்கு எழுந்திருக்கிற பிணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கவலையில்லை. கடைக்கு எந்த நிறத்தில் பெயின்ட் அடிப்பது என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

மறுநாள் பொழுது விடியும்போது நைனா என் பாயைக் காலால் தட்டினார். கயனிக்கு, என்றார். நேற்றுக் கொடுத்த வாக்கை ஒன்று விடாமல் நினைவுபடுத்தினேன். பசுமாடு உட்பட.

"அது செத்தவனுக்குக் குடுத்த வாக்கு. நீதான் உசுரோட கீறியே" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மண்வெட்டிகள் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. நான் போவதற்குள் நைனா என் பங்கான அந்தக் கனமானதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார்.