கம்ப்ரசருக்கு மூச்சு முட்டிய சாயங்காலம்

சின்னவள் மல்லுக்கட்டி ஜெயித்தவை இவை. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவளுக்கு இவளைவிட ஒரு முழம் நீளமான கால். வண்டி ஓட்டும் உரிமம். மூன்றாவது முயற்சியில்தான் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்சாதனப் பிரிவில் முதலிடம். வகுப்பில் மற்ற எல்லாரும் ஆண்பிள்ளைகள். "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு ஸ்பேனர்?" என்று முகத்தைச் சுளித்த பெரியப்பாவின் வாய்தான், அவர் வீட்டு ஏ.சி. படுத்துக்கொண்ட கோடையில் அவளைக் கூப்பிட்டது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், மூன்று வயதில், அவளுடைய மூச்சு.

அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். முன்னறை கடை, பின்னறை வீடு. சின்னவளுக்கு 'கம்ப்ரசர்' என்று பட்டப்பெயர் வைத்தவர் அவர்தான். ஃப்ரிட்ஜின் அடியில் ஓடும் அந்த மோட்டார் போலவே உருவம் சின்னது, சத்தம் பெரியது, ஓட ஆரம்பித்தால் நிற்காது.

அப்பாவுக்குத் தொழிலில் ஒரே ஒரு தலைவலி உண்டு. "வீட்ல கடகடன்னு சத்தம் போடுதுங்க" என்று ஃப்ரிட்ஜைத் தூக்கி வருவார்கள். கடையில் அது பூனைபோல் ஓடும். அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இங்க நல்லாத்தானே ஓடுது? எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பிவிடுவார். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே போவார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், இரண்டு நாள் சளியோடு தூங்கிக்கொண்டிருந்த கம்ப்ரசர் எழுந்து இருமினாள். அது இருமலாகவே இல்லை. பின்னறையில் நாய்க்குட்டி புகுந்துவிட்டது என்று நினைத்து அப்பா துடைப்பத்தோடு ஓடினார். நாய் இல்லை. கட்டிலில் குழந்தை வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் தொண்டையில் விசில் கேட்டது. கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. ஓயாமல் பேசுகிற வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

"ஐயோ, என்னங்க இது! வண்டியை எடுங்க!"

அம்மா குழந்தையை மார்போடு அணைத்துப் பின்னால் உட்கார, ஸ்கூட்டர் பறந்தது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் அப்பா வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். கம்ப்ரசர் எச்சில் ஒழுகச் சிரித்து, "இன்னொரு ரவுண்டு" என்றாள்.

"விசில் நின்னுடுச்சே!" என்றார் அப்பா.

"நின்னா என்ன, வந்தது வந்தோம், உள்ள போய்க் காட்டிட்டுப் போயிடலாம்."

"என்னத்தக் காட்டுறது? சத்தமே போடாத ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டு வந்தா நான் என்ன பண்ணுவேன்? எடுத்துட்டுப் போன்னுதானே சொல்லுவேன்? டாக்டர் நம்மளப் பார்த்துச் சிரிப்பாரு."

"புள்ள என்ன ஃப்ரிட்ஜா?"

 அப்பா அதைக் காதில் வாங்காமல் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் பாசத்தில் செய்யக்கூடாததை எல்லாம் ஒழுங்காகச் செய்தார். ஜன்னல்களைச் சாத்தினார். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தார். குழந்தையைப் போர்வையில் பொட்டலம் கட்டினார். அறை புழுங்கியது. கொஞ்ச நேரத்தில் நாய் மறுபடியும் குரைத்தது. இந்தத் தடவை விசில் இன்னும் கூர்மை. உதட்டோரம் நிறம் மாறியிருந்தது. அப்பாவின் கையிலிருந்த வண்டிச்சாவி கீழே விழுந்தது. கம்ப்ரசர்களின் மூச்சை வைத்தே பிழைப்பு நடத்திய மனுஷனுக்குச் சாவியைக் குனிந்து எடுக்க முடியவில்லை. அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டாவது தடவையும் காற்றில் போகப்போக விசில் அடங்கியது. இந்த முறை அம்மா வாசலில் நிற்கவே இல்லை. குழந்தையோடு நேரே உள்ளே போனாள். அப்பா பின்னால் ஓடினார்.

டாக்டரம்மா குழந்தையின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். "இருமல் எப்படி இருந்துச்சு?"

"அது... எப்படிச் சொல்றதுன்னா..." அப்பா தொண்டையைச் செருமினார். பிறகு வெட்கத்தை விட்டுக் குரைத்தார். "வவ்! வவ்!"

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கட்டுப்போட்ட காலோடு இருந்த ஒருவர் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

"மூச்சு இழுக்கும்போது?"

அப்பா விசிலும் அடித்துக் காட்டினார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். கம்ப்ரசருக்கு அப்பா நாயானது பிடித்துப்போய்விட்டது. கெக்கெக்கே என்று சிரித்தாள். சிரிப்பு இருமலைக் கிளப்ப, அசல் குரைப்பு அறையை நிறைத்தது.

"போதும்ப்பா, நீங்க நிறுத்துங்க. எனக்குக் கேட்டுடுச்சு" என்றார் டாக்டரம்மா. மூச்சுக்குழாயின் மேல்பக்கம் வீங்கியிருக்கிறது, குளிர்காற்று பட்டால் கொஞ்சம் அடங்கும், அடங்கியதால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை என்று விளக்கினார். குடிக்க ஒரு மருந்து கொடுத்தார். முகமூடி மாட்டிப் புகைபோல இன்னொரு மருந்து கொடுத்தார்கள். மறுநாள்வரை வைத்துப் பார்த்தார்கள்.

வாசல்வரை வந்து திரும்பிய கதையை அம்மா ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா அப்பாவைப் பார்த்தார். "திருப்பி அனுப்புறது எங்க வேலைங்க. அதையும் நீங்களே பண்ணிட்டா நாங்க எதுக்கு?"

அப்பா தரையைப் பார்த்துத் தலையாட்டினார். கிளம்பும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "எத்தனை மாசம் கேரண்டிங்க?"

"கேரண்டி எல்லாம் கிடையாது. சத்தம் வந்தா வாங்க. வந்து நின்னுட்டாலும் வாங்க."

அந்த வாரமே கடையில் சட்டம் மாறியது. சத்தத்தைத் தன் காதால் கேட்காமல் எந்த ஃப்ரிட்ஜையும் அப்பா திருப்பி அனுப்பவில்லை. கடையில் கேட்காவிட்டால் அவர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்தார். பெயர் கெடவில்லை, கடைக்குக் கூட்டம்தான் கூடியது. அந்தக் கடைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ரிப்பேர் முடிந்த ஃப்ரிட்ஜின் முதுகில், செய்தவர் தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஒரு சீட்டு ஒட்டப்படும். சீட்டில் யார் பெயரோ, மறுபடி கெட்டால் பொறுப்பு அவர் தலையில். அதுவரை எல்லாச் சீட்டிலும் அப்பாவின் பெயர்தான்.

கம்ப்ரசர் படிப்பு முடித்துக் கடைக்கு வந்த புதிதில், அவளைத் தேடி ஒரு தையல்காரர் வந்தார். அவருடைய ஃப்ரிட்ஜ் வீட்டில் டக்டக் என்று இடிக்கிறது, கொண்டுவந்தால் வாயே திறப்பதில்லை. கம்ப்ரசர் அவர் வீட்டுச் சமையலறையில் தரையில் உட்கார்ந்தாள். அவர் மனைவி டீ கொடுத்தார், குடித்தாள். மனைவி டி.வி. போட்டார், அணைக்கச் சொன்னாள். மதியம் சாய்ந்த பிறகு டக்டக் வந்தது. அந்தச் சமையலறைத் தரை ஒரு பக்கம் சரிவு. ஃப்ரிட்ஜின் அடியில் மோட்டாரைத் தாங்கும் தேய்ந்துபோன ரப்பர் அழுந்தியதும் குழாய் பின்பக்கத் தகட்டில் இடித்தது. கடையின் சமதரையில் அது இடிக்க வழியே இல்லை. ரப்பரை மாற்றினாள். மறுபடியும் உட்கார்ந்து கேட்டாள். சத்தமில்லை.

அழைத்துப்போக வந்த அப்பா, பையிலிருந்து சீட்டையும் பேனாவையும் எடுத்தார். வழக்கம்போல எழுதப் போனவர், நிறுத்தினார்.

"சத்தத்த நீ கேட்டியா?"

"கேட்டேன்ப்பா. நின்னதுக்கப்புறமும் உட்கார்ந்திருந்தேன்."

"அப்ப நீயே போடு."

அவள் சீட்டைத் தன் முழங்காலில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, முழுப்பெயரையும் கோணாமல் எழுதினாள். தேதி: 17 மார்ச் 2016, வியாழக்கிழமை.