வடிகிற காது

நர்ஸ் ஹிண்டிலுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. 1911-இல், லங்காஷயரின் அந்த நெசவூரில், பள்ளிப் பிள்ளைகளுக்கென்று நகரசபை திறந்த கிளினிக்கில் இரண்டே அறைகள். தினம் எண்பது பிள்ளைகள்: சொறி, படர்தாமரை, பேன், கண்வலி, சீழ் வடிகிற காது. "கையை எடுடா, சொறியாதே! அடுத்தது யாரு?" என்று ஒருவனுக்குக் களிம்பு தடவும்போதே அடுத்தவனின் இமையைப் பிதுக்கிக்கொண்டிருப்பாள். நாற்காலி ஒன்று உண்டு. அதில் அவள் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

அந்த வியாழக்கிழமை அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. லெட்டி ஹாவர்த் மூன்றாவது நாளாக வரவில்லை. எட்டு வயது, இரண்டு காதிலும் சீழ். பத்து நாள் கழுவித் துடைத்து, இப்போதுதான் வடிவது நின்றிருந்தது. பாதியில் விட்டால் காதே போய்விடும். வாத்தியார் வேறு, மந்தம் என்று சொல்லி அவளைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளியிருந்தார்.

மதியச் சங்கு ஊதியதும் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினாள். நெசவாலைப் பெண்கள் சாப்பாட்டுக்கு வீடு வரும் நேரம் அது ஒன்றுதான். மறு சங்குக்குள் திரும்பாவிட்டால் ஆலைக் கதவை அடைத்துவிடுவார்கள்.

லெட்டியின் அம்மா மேகி நின்றபடியே உருளைக்கிழங்கை விழுங்கிக்கொண்டிருந்தாள். அடுப்போரம் ஒரு வெங்காயம் வெந்துகொண்டிருந்தது; பக்கத்தில் லெட்டி.

"நீங்க செஞ்ச புண்ணியம் போதும், நர்ஸம்மா. காது வத்திப்போச்சு. உள்ள இருக்கிற விஷம் இனி எங்க போகும்? மூளைக்குத்தான். வெங்காயத்தை வச்சா திரும்ப வெளிய இழுத்துடும்."

"விஷமுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல! பொண்ணு செவிடாயிட்டிருக்கா, மேகி."

"யாரு, இவளா? இங்க பாருங்க."

தறிச் சத்தத்தில் குரல் எடுபடாது. அந்த ஊர் நெசவுக்காரிகள் உதட்டை விரித்துச் சுழித்து, சத்தமே இல்லாமல் ஊர்வம்பு முழுவதும் பேசித் தீர்ப்பார்கள். வீட்டிலும் அதே பழக்கம். மேகியின் உதடு மட்டும் அசைந்தது. லெட்டி போய் உப்புக் கிண்ணத்தை எடுத்து வந்தாள்.

"பாத்தீங்களா? பாம்புச் செவி!"

நர்ஸுக்குச் சுரீரென்றது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறாளே என்று அவளும்தான் நம்பியிருந்தாள்.

"முதுகுப்பக்கம் நின்னு கூப்பிடு."

"அப்படிக் கூப்பிட்டா வர மாட்டா. பிடிவாதம். முதுகுல நாலு வச்சாத்தான் திரும்புவா."

"அடிக்காம கூப்பிடு."

மேகி மகளுக்குப் பின்னால் போனாள். "லெட்டி." பிள்ளை உப்பில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். "லெட்டி, மிட்டாய் வாங்கியாந்திருக்கேன். வேணுமாடி?"

கோடு நீண்டுகொண்டே போனது. மிட்டாய்க்குத் திரும்பாத பிள்ளை உண்டா?

மேகியின் முகம் வெளுத்தது. "நேத்துகூட அடிச்சேனே..." என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டுமென்றுதான் நர்ஸ் ஓடிவந்திருந்தாள். இப்போது மேகியின் தோளில் கை வைத்தாள்.

சங்கு ஊதியது. மேகி ஆலைப் பக்கம் திரும்பவில்லை. வெங்காயத்தை நெருப்புக்குள் தள்ளினாள்.

"நானும் கிளினிக்குக்கு வரேன், நர்ஸம்மா. இப்பவே."

பிறகு முன்னால் வந்து மண்டியிட்டு, மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள்: இனி அடிக்க மாட்டேன்.

லெட்டி அந்த உதட்டையே உற்றுப் பார்த்தாள்.

"சத்தியமா? கூப்பிடாமலே பின்னாடி வந்து அடிக்க மாட்டியேம்மா?"