காணாமல் போன ஒன்றாம் வகுப்புப் புத்தகம்

ரேவதி, பாபு, உங்களிடம் ஒன்று சொல்கிறேன். ரேவதியின் ஒன்றாம் வகுப்பு மராத்திப் புத்தகம் தொலைந்துவிட்டது என்று வீடு முழுக்கத் தேடினோமே, அதை எடுத்தவன் நான்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அப்பா, மகளின் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அப்போது மராத்தி பேசும் ஊரான தளேகாவில் ஒரு தொழிற்சாலையில், சூப்பர்வைசர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் என் வழக்கம். நாங்கள் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடும் நேரத்தில்தான் மராத்தியில் எழுதிய அந்தக் காகிதங்களும் வரும். அதனால் அந்தப் புத்தகத்தை ஐந்து மாதம் ரயிலிலேயே படித்தேன்.

ஒரு மாலை, தமிழ்க்காரர்கள் பன்னிரண்டு பேருக்கு மட்டும் சூப்பர்வைசர் ஒரு காகிதம் கொடுத்தார். "லீவு பேப்பர்" என்றார். நான் எழுத்துக் கூட்டத் தொடங்கினேன்.

"க்யா அண்ணா, பண்டிட் பன் கயா?" என்று, நான் பண்டிதராகிவிட்டேனா என இந்தியில் கேட்டுச் சிரித்தார் சூப்பர்வைசர்.

"அண்ணே, போட்டுட்டு வாங்க, வண்டி போயிடும்!" என்றான் பின்னால் நின்ற துரை.

மூன்றாவது வரியில் 'ராஜீனாமா' என்று இருந்தது. நாமும் சொல்லும் அதே சொல். நானே விரும்பி வேலையை விடுகிறேனாம்!

"யாரும் கையெழுத்துப் போடாதீங்க! வேலைய விட்டுப் போறோம்னு எழுதியிருக்கு!" என்று கத்தினேன். பேனாக்கள் எல்லாம் பைக்குள் போயின. சூப்பர்வைசர் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு போனார். மறுநாளும் பன்னிரண்டு பேரும் வேலைக்குப் போனோம்.

இப்போதெல்லாம் கூரியர் ரசீதைக்கூட முழுதாகப் படிக்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அன்று ரயிலைத் தவறவிட்டேன். காலியான பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என் பெயரை முதன்முறையாக மராத்தியில் எழுதினேன். பிறகு அதைச் சத்தமாகப் படித்தேன்.