நாக்கால் எடுத்த படம்

கண்டியில் கிளார்க் வேலை பார்த்த காலத்தில் எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. ஞாயிறு விடிந்தால் கெமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹந்தானை மலைக்கு ஏறிவிடுவேன். மலை, மரம், பனிமூட்டம், இவ்வளவுதான் என் படங்களில் இருக்கும். மனிதர்களுக்கு அனுமதி இல்லை. "சொந்தக்காரங்க கல்யாணத்துல ஒரு படம் எடுக்க மாட்டீங்க, மலைக்கு மட்டும் மாப்பிள்ளை மாதிரி கெளம்புறீங்க" என்பாள் மனைவி. மலை கண்ணைச் சிமிட்டாது, படம் எப்போது வரும் என்றும் கேட்காது என்பேன் நான்.

ஆனால் மலைக்குப் போகும் வழியில் தேயிலைத் தோட்டத்து லயம் இருந்தது. கெமராவைக் கண்டதும் அந்த வரிசை வீடுகளின் பிள்ளைகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றுவிடும். பெரியவர்கள் உள்ளே ஓடி நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு வருவார்கள். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைக்கு வராத காலம் அது, பிலிம் குதிரைக்கொம்பு. முப்பத்தாறு படத்தை மூன்று மாதம் இழுப்பேன். மாட்டேன் என்றால் அவர்கள் முகம் வாடும், சரி என்றால் பிலிம் போகும். நான் கண்டுபிடித்த வழி வெட்கக்கேடானது. கெமராவைக் கண்ணில் வைத்து, பொத்தானை அழுத்தாமல், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி "டக்" என்பேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்துபோவார்கள். பழகப் பழக என் நாக்கு கெமராவைவிட நன்றாகவே சத்தம் போட்டது.

ஒரு ஞாயிறு, கெமராவில் ஒரே ஒரு படம் மிச்சம். பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அது தேயிலைச் சரிவை மூடி, உச்சியை மட்டும் விட்டுவைக்கும் நொடிக்காகக் காத்திருந்தேன். அப்போதுதான் லயத்தின் கடைசி வீட்டில், ஒற்றை அறைக் காம்பிராவில், இருந்த பெண்ணும் அவளுடைய அக்காவும் வந்தார்கள். இருவரும் கொழுந்து பறிப்பவர்கள். அன்று தலை நிறையப் பூ, மடிப்புக் கலையாத சேலை.

"அண்ணே, எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் புடிங்க."

"அந்தச் செடிகிட்ட போய் நில்லுங்க" என்றேன். சரிவில் போய் நின்றார்கள். நான் "டக்" என்றேன். அக்கா மூட்டை கட்டும் வேலை இருப்பதாகச் சொல்லி இறங்கிப் போய்விட்டாள்.

"அக்கா புதன்கெழம இந்தியாவுக்குப் போகுதுண்ணே" என்றாள் தங்கை. "அதுக்கு இந்தியப் பிரஜாவுரிமைன்னு கடுதாசி வந்துருக்கு, எனக்கு இந்த நாடுன்னு சொல்லிட்டாங்க. இனி எங்க பாக்கப் போறோம்? படமாச்சும் இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. அக்காவைத் திரும்பக் கூப்பிட்டு நிற்க வைத்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். நான் தயங்கி நிற்கையில் மூட்டம் சரிவை மூடிவிட்டது. உச்சி மட்டும் வெயிலில் நின்றது. விரல் தானாகவே அழுத்திவிட்டது என்று எழுதத்தான் ஆசை. இல்லை, நான்தான் அழுத்தினேன்.

படம் அபாரமாக வந்திருந்தது. ஒப்பீசில் ஆளாளுக்குப் பாராட்டினார்கள். அதன் பிறகு நான் லயத்துப் பக்கமே தலைவைக்காமல், அட்டைக்கடி பட்டுக்கொண்டு சுற்றுவழியில் மலை ஏறினேன். ஆனால் ஒருநாள் கண்டிச் சந்தையில் அந்தத் தங்கை என்னைப் பிடித்துவிட்டாள். "அண்ணே, எங்க படம்?"

அடுத்த ஞாயிறு அந்த மூட்டப் படத்தையே எடுத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"பனி மறைச்சிருச்சாண்ணே?"

தப்பிக்க அவளே வழி காட்டிவிட்டாள். "ஆமாம்மா" என்றேன். அவ்வளவு கோழைத்தனத்தை என்னிடம் நானே எதிர்பார்க்கவில்லை.

அவள் குறைபட்டுக்கொள்ளவில்லை. படத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில் விரலை வைத்தாள். "இங்கனதான நின்னோம். அக்காவுக்கும் ஒரு கொப்பி போட்டுத் தாங்கண்ணே, அனுப்பணும்." போட்டுக் கொடுத்தேன். உறையில் விலாசத்தையும் நானே எழுதினேன்.

பல மாதம் கழித்து இந்தியாவிலிருந்து பதில் வந்தது. அக்கா சொல்லச் சொல்ல யாரோ எழுதிய கடிதம். தங்கைக்கு வாசிக்கத் தெரியாது. என்னைக் காம்பிராவுக்குள் கூப்பிட்டு, பலகையில் உட்காரவைத்து, பிளேன் டீ கொடுத்து, வாசிக்கச் சொன்னாள். சுகம் விசாரித்திருந்தது. அங்கே வெயில் தாங்க முடியவில்லை என்று இருந்தது. அதற்குக் கீழே இப்படி இருந்தது: "படம் கிடைத்தது. இங்கே எல்லாருக்கும் காட்டினேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லையாம். எனக்குத் தெரிகிறது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்."

"அந்த எடத்த இன்னொருக்கா வாசிங்கண்ணே" என்றாள்.