பத்தில் இரண்டு

தொழிற்சாலையில் அவளுக்கு ரெண்டக்கா என்று பெயர். கேஸ் சிலிண்டர் தலையில் மாட்டுகிற ரெகுலேட்டர் செய்யும் இடம் அது. பெட்டிக்குப் பத்து, ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு வரிசையாக இருக்கும். அதில் ஏதாவது இரண்டை எடுத்து, காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வராவிட்டால் பெட்டிக்கு முத்திரை. பதினோரு வருஷமாக இதே இரண்டு என்றால் பெயர் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

விதி அப்படி, நடப்பு வேறு. பெட்டிக்குள் மேலே ஐந்து, கீழே ஐந்து, நடுவில் ஓர் அட்டை. அட்டையைத் தூக்க வேண்டுமானால் மேலே உள்ள ஐந்தையும் வெளியே எடுத்து, பார்த்து முடித்துத் திரும்ப அடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பெட்டி வரிசைகட்டி நின்றால் எந்த மகராசி அடுக்குவாள்? அவள் மேலடுக்கிலிருந்தே இரண்டை எடுத்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன வாரம் அவள் முத்திரை குத்திய பெட்டியில் இருந்த ஒரு ரெகுலேட்டர், யாரோ ஒருவர் வீட்டில் கசிந்துவிட்டது. அடுப்பைப் பற்றவைத்த பெண்ணுக்கு இரண்டு கையும் வெந்துபோயின. செய்தி வந்ததிலிருந்து ரெண்டக்காவுக்கு மனசு மரத்துப்போயிற்று. சாப்பிட்டாள், தூங்கினாள், மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். அந்தப் பெண்ணின் கைகளை வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். இந்த வேலை போனால் அடுத்து என்ன என்று யோசித்தாள், அதுவும் யாருக்கோ வந்த கஷ்டம் மாதிரிதான் இருந்தது.

இன்று சாயங்காலம் விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனுஷர். சத்தம் போடவில்லை, பலகையில் கணக்குப் போட்டார்.

"அந்தப் பெட்டியில ஒன்னுதான் கெட்டது. பத்துல ரெண்டை எத்தனை விதமா எடுக்கலாம்? முதல்ல பத்துல ஒன்னு, அப்புறம் மிச்ச ஒன்பதுல ஒன்னு, ஆக தொண்ணூறு. எது முன்னாடி எது பின்னாடின்னு நமக்கு வேணாம், அதனால அதுல பாதி. நாப்பத்தஞ்சு ஜோடி. நல்லது ஒன்பதுல ரெண்டுன்னா, இதே மாதிரி முப்பத்தாறு. நாப்பத்தஞ்சுக்கு முப்பத்தாறு, அதாவது அஞ்சுக்கு நாலு வாய்ப்பு, இந்தப் பெட்டி தப்பிச்சுப் போயிரும். இவங்க என்ன பண்ணுவாங்க? விதியைத்தான் மாத்தணும்."

மேற்பார்வையாளர் விட்டால் அவரைத் தூக்கி வைத்துக் கொஞ்சியிருப்பார். "அப்போ நம்ம அக்கா மேல தப்பில்லையே சார்?"

"இல்ல. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பலாம்."

ரெண்டக்கா பேனாவை எடுத்தாள். கணக்கு சரி. பள்ளிக்கூடத்தில் அவளும் கணக்கில் சூட்டிகைதான். அந்த நாற்பத்தைந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் முப்பத்தைந்து ஜோடியை அவள் கை ஒருநாளும் தொட்டதில்லை.

"கெட்டது எத்தனாம் நம்பர் சார்?"

"ஏழு."

ஆறிலிருந்து பத்துவரை கீழடுக்கு.

"அப்போ நாப்பத்தஞ்சை அழிச்சிருங்க சார். நான் அட்டையைத் தூக்குனதே இல்ல. மேல இருக்கிற அஞ்சுல ரெண்டு எடுப்பேன். மொத்தம் பத்து ஜோடி. பத்துலயும் ஏழாம் நம்பர் கிடையாது."

"அக்கா, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றார் மேற்பார்வையாளர்.

அதிகாரி பலகையைத் துடைத்துவிட்டு, பத்துக்குப் பத்து என்று எழுதினார்.

"எத்தனை நாளா இப்படி?"

"சேர்ந்த நாள்லேருந்து." எழுதிக்கொடுக்கச் சொன்னால் எழுதிக்கொடுக்கவும் தயாராகத்தான் இருந்தாள். வேலை போகப்போகிறது என்று தெரிந்தது. அதற்கும் நெஞ்சு அசையவில்லை.

"எங்கெங்க போகுது இதெல்லாம்?" என்று அதிகாரி மேற்பார்வையாளரைக் கேட்டார்.

"எல்லா ஊருக்கும்தான் சார். ஏன், இங்க வேலை பாக்கிறவங்களுக்கே வீட்டுக்கு ஒன்னு குடுத்திருக்கோம்."

ரெண்டக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. போனில் மகளின் எண்ணை அழுத்தினாள். இரண்டு முறை தப்பாகப் போய், மூன்றாவது முறை கிடைத்தது.

"என்னடி பண்றே?"

"டீ போட்டுக்கிட்டிருக்கேம்மா."

"ரெகுலேட்டரை மூடு. ஜன்னலைத் திற. வெளியே வந்து நில்லு."

"ஏம்மா கத்துறே? நல்லாத்தானே எரியுது?"

"அது எந்த அடுக்குலேருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியாதுடி!"